டீ குடிக்கப் போனவரும் ஒரு லத்தீன் வினைச்சொல்லும்

போன மாதம் ஒரு பிற்பகலில் கவிதா போன் செய்தார். நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த அரசு மருத்துவமனையில், பதிவேட்டுப் பிரிவில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். வழக்கமாக அந்த நாற்காலியைப் பற்றிப் புகார் சொல்லத்தான் கூப்பிடுவார். அதற்கு ஒரு கால் குட்டை. பழைய அட்மிஷன் அட்டையை நான்காக மடித்துக் கொடுத்தால் நிற்கும் என்ற ரகசியத்தை ஓய்வு பெறும் நாளில் அவருக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இந்த முறை வேறு விஷயம். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஒரு நோயாளி படுக்கையை விட்டுப் போனால் எப்படிப் போனார் என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். குணமாகி வீட்டுக்குப் போனார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார், டாக்டர் பேச்சை மீறிப் போனார், இறந்துபோனார், அப்ஸ்காண்டட். இதையெல்லாம் இனிமேல் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. சாப்ட்வேர்க்காரர் கடைசி வார்த்தைக்குத் ‘தலைமறைவு’ என்று போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

“படிக்கவே ஒரு மாதிரி இருக்குது சார். பேப்பர்ல கொலைக் கேசுக்குப் போடுற மாதிரி. வேற வார்த்தை இருந்தா சொல்றீங்களா? அஞ்சு மணிக்குள்ள வேணுமாம்.”

அந்த வினைச்சொல்லைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்தவன் நான். கேட்டார்கள், இரண்டு மணி நேர அவகாசத்தோடு. ஐந்து மணிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அப்ஸ்காண்ட் என்பதை நம் ஊரில் யாரும் ஆங்கிலம் என்று நினைப்பதில்லை. சீட்டு நடத்துபவர் அப்ஸ்காண்ட் ஆகிறார். ஜாமீனில் வந்தவர் அப்ஸ்காண்ட் ஆகிறார். மூன்று நாள் சொல்லாமல் லீவு போட்டால் என் மருமகன் கம்பெனியில் அதே வார்த்தையைப் போட்டு மெயில் வருகிறதாம். கல்யாண வீட்டில் பரிமாற ஆள் கூப்பிடும்போது என் மச்சானும் அதே ஆகிறார். ஆனால் அதன் பூர்வீகம் இவ்வளவு மோசமில்லை. லத்தீனில் ‘அப்ஸ்’ என்றால் விலக்கி, அப்பால். ‘கொண்டெரே’ என்றால் சேர்த்து வைத்தல், பத்திரப்படுத்துதல். கண்ணில் படாமல் ஒரு பொருளை எடுத்து வைப்பதுதான் ஆதியில் அதன் பொருள். காற்றில் அணைந்துவிடாதபடி மறைத்து வைக்கும் விளக்குக்கு ஐரோப்பாவில் வைத்த பெயர்கூட இதே வேரிலிருந்து முளைத்ததுதான். முதலில் பொருள்களை மறைத்தார்கள், அப்புறம் மனிதர்கள் தங்களையே மறைத்துக்கொண்டார்கள், சட்டப் புத்தகத்துக்குள் போய் வந்தபோது வார்த்தைக்கு ஜெயில் வாடை ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் அட்டை கிழிந்த ஒரு அகராதியை வாங்கியவன் நான். அந்த அகராதியால் ஒரு மனிதரை ஆறு நாள் தொலைத்தவனும் நானே.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக லுங்கி வியாபாரம். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு நான் கடையில் உட்கார்ந்தபோது, வாடிக்கையாளர் கேட்ட கட்டத்தை எடுத்துக் காட்டாமல் அவர் பேசிய வாக்கியத்தைத் திருத்துகிறேன் என்று அத்தா கண்டுபிடித்தார். அரசு வேலைக்கு எழுதிப்போடச் சொன்னவர் அவர்தான். ஆறு மாதப் பயிற்சியில் கேஸ் ஷீட்டை வரிசைப்படுத்தவும், வெள்ளை நாடாவால் முடிச்சு இறுகாமல் கட்டவும், டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவது கடைசிவரை முழுமையாக வரவில்லை.

என் மேலதிகாரி லூர்துநாதன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எல்லோரையும், கூட்டுகிற அம்மாவின் வீட்டுக்காரரைக்கூட, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி ‘முசே’ என்று கூப்பிடுவார். அதனால் மருத்துவமனை முழுக்க அவருக்கே முசே என்று பெயர் ஆகிவிட்டது. கோப்புகளை பிரெஞ்சில்தான் எண்ணுவார். “அன், தெ, த்ருவா” என்று முணுமுணுப்பு கேட்டால் அறையில் யாரும் பேசக் கூடாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கும் நேரத்தின் நீளத்தை வைத்துத் தப்பின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். முதலாவது: பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசினால் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். தப்பை ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து, தேதி. சிவப்புப் பேனா அவர் மேசை இழுப்பறையில் பூட்டி இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் காணாமல் போன கோப்புக்கு. “காணோம்னு எங்கிட்ட சொல்லாதீங்க முசே. தப்பான எடத்துல இருக்குதுன்னு சொல்லுங்க” என்பார். காணோம் என்று சொல்லும் உரிமை வருவதற்கு முன் ஐந்து இடம் பார்த்திருக்க வேண்டும். அதே வரிசையில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. மேல் தட்டு, கீழ்த் தட்டு. எண் மாறிப்போயிருந்தால் எங்கே போயிருக்குமோ அங்கே. அதே நாளில் வந்த மற்ற கோப்புகள். கடைசியாக, பக்கத்துக் கோப்பின் வயிற்றுக்குள். பத்தில் ஒன்பது தடவை ஐந்துக்குள் கிடைத்துவிடும். பத்தாவதற்கு ஒரு பெரிய டாக்டரின் கார் பின்சீட்டில் தேட வேண்டும்.

இனி என் திருப்பணி. தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு வார்டிலிருந்தும் கணக்குச் சீட்டு வரும். நேற்று எத்தனை பேர், புதிதாக எத்தனை பேர், போனவர் எத்தனை பேர், மீதி. மொத்தமும் படுக்கைகளில் இருக்கும் தலைகளும் ஒத்துப்போக வேண்டும். சொல்லாமல் போய்விட்ட நோயாளிகளைப் பற்றி நர்ஸ்கள் அவரவர் பாணியில் எழுதி அனுப்புவார்கள். ‘காலை ஆறரைக்குப் படுக்கையில் இல்லை, பாத்ரூமிலும் இல்லை.’ ‘மனைவியுடன் கேன்டீன் பக்கம் பார்த்ததாகப் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்கிறார்.’ ஆண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ் அமலோற்பவம் சிஸ்டர் ஒரு முறை, ‘கோபித்துக்கொண்டு போனார், வருவார்’ என்றே எழுதினார். வந்தும் விட்டார்.

எனக்கு இது சகிக்கவில்லை. ஒரு கட்டத்துக்குள் ஒரு வார்த்தைதானே இருக்க வேண்டும்? அகராதி கையில் இருக்கிறது, வயது முப்பதைத் தாண்டவில்லை. வார்டு வார்டாகப் போய், மற்ற ஊர்களில் எல்லாம் இந்த வார்த்தைதான் போடுகிறார்கள் என்று சொல்லி, அப்ஸ்காண்டட் என்ற ஒற்றைச் சொல்லை அறிமுகம் செய்துவைத்தேன். எழுத்துக்கூட்டி ஒரு அட்டையில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்.

அமலோற்பவம் சிஸ்டர் அட்டையைப் பார்த்தார். “இது போட்டா அப்புறம் நாங்க தேட வேணாமா பாய்?” என்று கேட்டார்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். சிரிக்காமல் யோசித்திருக்கலாம்.

கலியபெருமாள் அரியாங்குப்பத்துக்காரர். பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தவர். மூச்சிரைப்புக்காக ஆண்கள் வார்டில் சேர்ந்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் படுக்கை காலியாக இருந்தது. எட்டு மணிச் சீட்டில் ஒரு தலை குறைந்தது. வார்டுக்குப் போன் செய்தேன். சிஸ்டர் அன்று விடுப்பு. எடுத்த பெண், ஆள் இல்லை சார் என்றாள். அப்படியானால் அந்த வார்த்தையைப் போடு என்றேன். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தடுமாற்றம். சரி என்று பதிவேட்டில் என் கையாலேயே, சாய்ந்த எழுத்தில், அழகாக எழுதினேன். கணக்கு ஒத்துப்போனது. அடுத்த வேலையைப் பார்த்தேன். அடுத்த வேலை என்ன என்பதைப் பிற்பாடு சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அது பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாள் அவர் மகள் செல்வி எங்கள் அறைக்கு வந்தார். துணிக்கடையில் வேலை. பார்வை நேரத்தில் சாப்பாட்டோடு வந்தால் அப்பாவின் படுக்கையில் வேறொருவர் படுத்திருக்கிறார். வீட்டுக்கும் வரவில்லை, மண்டபத்துக்கும் போகவில்லை, உறவுக்காரர் எவர் வீட்டிலும் இல்லை. அவசரப் பிரிவில் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். போலீஸுக்குக் கொடுக்க ஒரு காகிதம் வேண்டும் என்றார். பதிவேட்டில் உள்ளபடி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தார். தோளில் ஒரு மஞ்சள் பை. போலீஸில் என் காகிதத்தைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியே ஓடிப்போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது, தானாகப் போனவர் தானாக வருவார் என்று அனுப்பிவிட்டார்களாம். தெருவில் விஷயம் பரவி, யாரோடு போனார் என்கிற அளவுக்கு வந்துவிட்டதாம். அம்மா சாப்பிடவில்லை. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறு காகிதம் கொடுங்கள் என்றார்.

பதிவேட்டில் உள்ளதை மாற்ற முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு சாதாரண குமாஸ்தாவாகத் தப்பித்திருப்பேன். அந்தச் சொல்லுக்கு ஓடிப்போதல் என்று நேர்ப்பொருள் கிடையாது, லத்தீனில் விலக்கி வைத்தல் என்றுதான், போலீஸ்காரர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று விளக்கவும் செய்தேன்.

செல்வி முழுவதையும் கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து என் மேசைமேல், பதிவேட்டுக்குப் பக்கத்தில், வைத்தார்.

“இது நைனாவோடது. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. ஓடுறவரு செருப்பை வுட்டுட்டா சார் ஓடுவாரு? மருந்தும் அங்கதான், கண்ணாடியும் அங்கதான். ஓடுற ஆளா இருந்தா எங்கம்மாகிட்டருந்து எப்பவோ ஓடியிருக்கணும்.”

எனக்குப் பின்னால் ‘த்ருவா’வில் எண்ணிக்கை நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். முசே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

“எந்த அஞ்சு எடத்துல தேடுனீங்க முசே?” என்றார் என்னிடம்.

“கோப்பு இங்கதான் சார் இருக்குது.”

“கோப்பை இல்ல. ஆளை.”

ஒரு எக்ஸ்ரே உறை காணாமல் போனால் ஐந்து இடம் தேடுகிற நாங்கள், ஒரு ஆளுக்கு ஓர் இடம்கூடத் தேடியிருக்கவில்லை. தேட வேண்டியிருக்கவில்லை, வார்த்தை இருந்தது. வார்த்தை எல்லோரையும் வாசலுக்கு வெளியே கைகாட்டிவிட்டது. ஓடிப்போனவர் வெளியில்தானே இருக்க வேண்டும்?

முசே பெஞ்சைத் துடைத்து செல்வியை உட்காரச் சொன்னார். பிறகு கோப்பைத் தேடுவது போலவே தொடங்கினார். அதே வரிசை: அந்த வார்டில் அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் ஆள் மாறியிருக்கிறதா என்று சிஸ்டரிடம் போனில் கேட்டார். இல்லை. மேல் தட்டு, கீழ்த் தட்டு: மாடி வார்டுகளில் அந்தப் பெயர் இருக்கிறதா? இல்லை. எண் மாறியதா? இல்லை. நான்காவது, அதே நாளில் வந்தவை. அந்தச் செவ்வாய்க்கிழமை அட்மிஷன் அட்டைகளைக் கட்டாக எடுத்து மேசைமேல் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். அன், தெ, த்ருவா. பதினேழாவது அட்டையில் விரல் நின்றது.

‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் அறுபது. காலை 6.40. வாசல் டீக்கடை அருகே மயங்கி விழுந்தவரை ஆட்டோக்காரர் கொண்டுவந்தார். பக்கவாதம். பேச்சு இல்லை. இரண்டாம் மாடி.’

எழுத்து சாய்ந்து, அழகாக இருந்தது. என் எழுத்து. எட்டு மணிக் கணக்கை ஒப்பேற்றிய பிறகு நான் பார்த்த அடுத்த வேலை இதுதான். அவரைக் கீழே வழியனுப்பிவிட்டு, அதே பேனாவால் மேலே வரவேற்று, புது எண் போட்டிருக்கிறேன். நடுவில் பேனாவில் மைகூட நிரப்பவில்லை.

முசே செல்வியிடம் அட்டையைக் காட்டவில்லை. உங்கள் அப்பா உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா என்று மட்டும் கேட்டார்.

“எடது கை மோதிர விரல்ல நுனி இருக்காதுங்க. மில்லுல மெஷின் கடிச்சது.”

அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேட்டை வரவழைத்தார். இடது மோதிர விரல் நுனி இல்லை, பழைய காயம் என்று அதில் இருந்தது. முசேக்கு முழங்கால் வலி. மாடி ஏறி நான் பார்த்ததே கிடையாது. அன்று எழுந்து, சட்டைப் பையில் பேனாவைச் சரிசெய்துகொண்டு, வாங்கம்மா என்று முன்னால் நடந்தார். செருப்பை செல்வி மறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ஜன்னலோரப் படுக்கை. வலது பக்கம் செயலற்று, ஆறு நாள் தாடியோடு கிடந்தார். தலைமாட்டு அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’. எங்களைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். இடது கை, நுனியில்லாத விரலோடு, போர்வைக்கு மேலே வந்தது.

நான் அழுகையை எதிர்பார்த்தேன். செல்வி இடுப்பில் கை வைத்தார்.

“டீ குடிக்கப் போனா சொல்லிட்டுப் போறதில்ல? வார்டுலயே ஏழரைக்கு டீ வருது. ஒரு மணி நேரம் பொறுக்க முடியல, அப்படி என்ன டீ?”

கலியபெருமாள் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மகள் திட்டிக்கொண்டே இருந்தார், திட்டத் திட்ட அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. என் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் செல்வி அழுதார்.

கீழே இறங்கியதும் முசே இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் கேட்கவில்லை.

“நீங்க எழுதுனது. நீங்களே அடிங்க.”

ஒரே கோடு போட்டேன். என் சாய்ந்த எழுத்து அடியில் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். என்ன நடந்ததோ அதை என்றார். ‘டீ குடிக்க வாசலுக்குப் போனார். அங்கே மயங்கி விழுந்து, 6.40க்கு இதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.’ கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் ஏறி, வளைந்து, பக்கத்தின் அடிவரை போனது. கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டில் கேட்டால் நான் பதில் சொல்கிறேன் என்று அவரும் கீழே போட்டார். ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே தண்ணீர் குடிக்கிற மனிதர் அவர்.

மாலையில் செல்வி வந்து நின்றார். அடித்ததைப் பார்க்கலாமா என்றார். அம்மாவிடம் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமாம். பதிவேட்டை வெளியாருக்குக் காட்டக் கூடாது, அதுவும் முசேயின் சட்டம்தான். அவர் பதிவேட்டை மெதுவாக செல்வி பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு எதையோ பிரெஞ்சில் எண்ணத் தொடங்கினார். பதினைந்துவரை எண்ணினார் என்று நினைக்கிறேன்.

கலியபெருமாள் அதற்கப்புறம் பல வருடம் மாதாந்திர மருந்துக்கு வந்துகொண்டிருந்தார். இடது கையில் கோல், வாயில் நாலைந்து வார்த்தைகள். வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தால், கையை உயர்த்தி, “சொல்லிட்டு... வந்தேன்” என்பார். சுவரில் ஒட்டிய அட்டையை நான் அன்றே கிழித்துவிட்டேன். ஆனால் வார்த்தை வார்டுகளில் தங்கிவிட்டது. பழக்கப்படுத்த எனக்கு ஒரு வாரம் ஆனது. ஓய்வு பெறும்வரை முயன்றும் திரும்பப் பிடுங்க முடியவில்லை. நான் போன பிறகு அது கம்ப்யூட்டருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று ஐந்து மணிக்குள் கவிதாவுக்கு நான் சொன்னது இதுதான்: ‘படுக்கையில் இல்லை, தேடுகிறோம்.’

“ரெண்டு வார்த்தைக்கு மேல இருக்குதே சார்” என்றார். கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள் என்றேன்.

போன வாரம் மறுபடி போன். கட்டம் பெரிதாகிவிட்டது. ஆனால் சாப்ட்வேர்க்காரர் ஒழுங்கானவர் போலிருக்கிறது. தேடுகிறோம் என்றால் தேடுவது யார் என்று ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டாராம். ஒரு பெயரைப் போடாமல் பக்கம் மூட மாட்டேன் என்கிறதாம்.

“வார்டு சிஸ்டருங்கல்லாம் உங்க மேலதான் சார் கோவமா இருக்காங்க. நேத்து ஒரு தாத்தாவைக் காணோம். யார் பேரையாவது போடணுமேன்னு போட்டுட்டு, போட்டவங்களே தேடிப் போக வேண்டியதாப் போச்சு. எங்க இருந்தாருன்னு நெனைக்கிறீங்க?”

“டீக்கடையிலயா?”

“முடிவெட்டுற கடையில. பாதி ஷேவிங்ல பிடிச்சிருக்காங்க. இருங்கம்மா, அந்தப் பக்கமும் முடிச்சுட்டு வரேன்னாராம். சிஸ்டர் பெஞ்சுல உக்காந்து காத்திருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்களாம்.”

நாற்காலிக் காலுக்கு அட்டையை நான்காக மடிக்கும் ரகசியத்தை அன்றைக்கு அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.